தீராத வயிற்றுவலி

எம்.ஏ. குற்றவியல் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்காக, தற்கொலை என்று முடித்த நாற்பத்திரண்டு பெண்களின் வழக்குகளில் புகார் மனுக்களைப் படித்தேன். இருபத்தொன்பதில் ஒரே காரணம்: தீராத வயிற்றுவலி. சிதம்பரத்தில் வகுப்பில் எழுந்து, "அது என்ன சார், நம்ம மாவட்டத்துப் பொம்பளைங்களுக்கு மட்டும் இப்பிடி ஒரு வயிறு?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். முதல் மார்க் எனக்குத்தான்.

நாற்பத்துமூன்றாவது மனுவை நானே எழுத வேண்டி வந்தது.

அக்கா பவானி பரங்கிப்பேட்டைப் பக்கம் புருஷன் வீட்டில் செத்துக் கிடந்தாள். உடம்பு கடலூர் ஆஸ்பத்திரியில். மனு கொடுத்தால்தான் போஸ்ட்மார்ட்டம். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்.

ஸ்டேஷன் ரைட்டர் வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "என்னம்மா படிக்கிற?"

"கிரிமினாலஜி."

"அட, நம்ம டிபார்ட்மென்ட்டு! எழுது. தீராத வயித்துவலியால அவதிப்பட்டு..."

"போன வாரம் அக்கா போன் பண்ணுச்சு சார். வயித்துலயே மிதிக்கிறாருன்னு அழுதுச்சு. அதத்தான் எழுதுவேன்."

"கல்யாணமாயி எத்தினி வருஷம்?"

"எட்டு."

"ஏழு வருஷத்துக்குள்ளன்னா ஆர்டிஓ விசாரணைக்கு வருவாரு. எட்டுக்கு நான்தான்." அவர் ஜோக்குக்கு அவரே சிரித்தார்.

ஏழு தாண்டினாலும் வழக்குப் போடலாம். எந்தப் பிரிவு என்பதுகூட எனக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். வெளியே பைக்கில் சாய்ந்தபடி மாமா, அக்காவின் புருஷன். அக்காவின் ஐந்து வயசுப் பெண் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"கேஸுன்னு போனா கொழந்த மூஞ்சியக்கூட காட்ட மாட்டாராம்டி. வயித்துவலின்னு எழுதிட்டா இப்பவே இங்கயே குடுத்துடறேங்கிறாரு."

"நம்பறியாப்பா?"

"வேற என்னா பண்ணச் சொல்ற? நீதான படிச்சவ, சொல்லு."

ஐந்து வருஷம் படித்திருக்கிறேன். உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன்.

எழுதினேன். மிதிபட்ட வயிறு வலிக்கத்தானே செய்யும், பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். த்தூ. அப்பா கையெழுத்துப் போட்டார்.

ரைட்டர் வாங்கி ஒருதரம் படித்தார். "ஒரு தப்புகூட இல்ல. படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்."

வெளியே பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம். ஓடினேன். கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டேங்க் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது.