நின்ற நிலைச் சோதனை

எங்கள் பெட்டிகளின் மேல் 'ஓடத் தயார்' என்று அச்சடித்திருக்கும். வாங்குகிறவர் எதையும் ஒட்ட வேண்டாம், வண்ணம் பூச வேண்டாம். பெட்டியைத் திறந்து, தண்டவாளத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்தால் ஓட வேண்டும். நிஜ நீராவி எஞ்சினில் எழுபத்தாறில் ஒரு பங்கு. நீளம் ஒரு சாணுக்கு மேல் இல்லை. சொன்னபடி அது ஓடுமா, நிஜத்தைப் போலவே இருக்குமா என்று பார்ப்பது என் வேலை.

சரிபார்ப்பு அட்டையில் நாற்பத்தெட்டு வரிகள். சக்கர இடைவெளி, கைப்பிடிக் கம்பியின் நேர், புகைபோக்கியின் சாய்வு, எண்களின் எழுத்துரு, ரிவெட் வரிசை. கடைசி மூன்று வரிகள் ஓட்டத்துக்கு. மேசையில் நாலு ரோலர்; மேலே வைத்தால் எஞ்சின் நகராமல் சக்கரம் மட்டும் சுழலும். அதில் பத்து நிமிடம் முன்னோக்கி, பத்து நிமிடம் பின்னோக்கி, பிறகு முப்பது விநாடி நின்ற நிலை. நிற்கும்போது, பின்னால் நிலக்கரித் தொட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரிலிருந்து நீராவிச் சீறல் சீராக வர வேண்டும். முப்பது விநாடி போதும் என்று அந்தப் பட்டியலில் எழுதியவன் நான்தான்.

புது எஞ்சின் அறுநூறு வந்திருந்தது. பதினைந்தாம் நாள் மதியம் அன்றைய பதினேழாவதை ரோலரில் நிற்கவிட்டுக் கை கழுவப் போனேன். வழியில் ஸ்டோர்காரர் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து அணைக்கக் கை நீட்டியபோது எஞ்சின் இருமியது.

இரண்டு சின்ன இருமல். மூன்றாவது வெளியே வராமல் வாய்க்குள்ளேயே அடங்கியது.

கையை எடுத்துவிட்டேன். அந்த இருமலை ஏழு வாரம் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டிருக்கிறேன். என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது.

பதினெட்டாவதை எடுத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறாவது நிமிடம். இரண்டு, பிறகு அடங்கிய ஒன்று. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. எல்லாம் ஆறாவது நிமிடம். இருமலுக்குப் பிறகு சீறலுக்கு அடியில் ஏதோ முணுமுணுப்பும் இருந்தது. சொற்கள் பிடிபடவில்லை.

அவளும் இங்கேதான் வேலை பார்த்தாள், அளவுப் பிரிவில். நிஜ எஞ்சின் எங்கே நிற்கிறதோ அங்கே போய் டேப் வைத்து அளப்பாள், படம் எடுப்பாள், சத்தம் பதிவு செய்து வருவாள். இந்த எஞ்சின்தான் அவள் கடைசியாக அளந்தது.

ஒலிப் பிரிவில் இருப்பவருக்குக் 'காது' என்று பெயர். தொழிற்சாலையின் அந்தக் கோடியில் ஆணி விழுந்தால் கேட்கும், கூப்பிட்டால் மட்டும் கேட்காது. தோளைத் தட்டினேன். ஹெட்போனை ஒரு பக்கம் தள்ளினார்.

"ஆறாவது நிமிஷத்துல ஒரு இருமல் வருது."

முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா! யாரும் கவனிக்கலயேன்னு இருந்தேன். நிக்க வெச்சுப் பொறுமையா கேக்குறவனுக்கு ஒரு பரிசு. கரி அள்ளிப் போடுற ஆளோட இருமல். ஒரிஜினல் ரெக்கார்டிங்ல இருந்துச்சு, அப்படியே எடுத்துப் போட்டேன். உயிரோட்டமா இல்ல?"

"ஒலிப் பட்டியல்ல இல்லையே."

"பட்டியல்ல எழுதுனா அப்புறம் என்ன பரிசு?"

"அது கரி அள்றவர் இருமல் இல்ல," என்றேன். யாருடையது என்றும் சொன்னேன்.

ஹெட்போனைக் கழுத்திலிருந்து முழுவதுமாகக் கழற்றி மேசையில் வைத்தார். "சத்தியமா தெரியாதுங்க. சின்னதா இருந்துச்சு. மெஷின் பக்கத்துல நிக்கிறவங்க எல்லாரும் அப்படித்தானே இருமுறாங்க."

பதிவு செய்த தேதியைக் கேட்டேன். கோப்பின் தலைப்பில் இருந்தது. அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனதற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளா இருமல் என்பது. பத்து நாளா என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையசைத்தாள். படம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். "இது பத்து நாள் இருமல் இல்ல தம்பி. நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா பேச்சே வேற."

அன்றிலிருந்து எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவள் முன்பே இருமினாளா? என் காதில் விழுந்தும் நான் விட்டேனா? ஒரு பல் சக்கரம் தேய்ந்தால் அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுவேன் என்று என்னைப் பற்றி இங்கே பேசிக்கொள்வார்கள்.

"முழுப் பதிவையும் போடுங்க," என்றேன்.

நாற்பது நிமிடப் பதிவு. முப்பத்தோராவது நிமிடத்துக்குக் கொண்டுபோய் ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். சீறல். இருமல், இருமல், அடங்கிய இருமல். ஒன்றரை விநாடி இடைவெளி. ஓர் ஆண் குரல்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. தூசி."

"தூசிதான். சரி, முடி."

திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும். நாலாவது தடவை காது தானே ஹெட்போனை வாங்கிக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் குரல் எனக்குத் தெரியும்.

நான் அந்த இடத்துக்குப் போனதே இல்லை.

பழைய அட்டைகளைக் கட்டுக் கட்டாக அலமாரியில் வைத்திருக்கிறோம். அந்தத் தேதியின் கட்டை எடுத்தேன். அன்று வேறொரு எஞ்சினில் நாற்பது பார்த்திருக்கிறேன். நாற்பது அட்டையிலும் என் கையெழுத்து, பக்கத்தில் நேரம். காலை எட்டேகாலில் தொடங்கி மாலை ஐந்தரை வரை. இடையில் இருபது நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல் காலியில்லை. எஞ்சின் நிற்கும் கொட்டகைக்குப் போக மட்டும் மூன்று மணி நேரம் ஆகும்.

அன்று அவளை வண்டியில் கூட்டிப்போனது மச்சான். அவளுடைய அண்ணன். பேக்கிங் பிரிவில் மேஸ்திரி. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டேப் கிழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. என்ன, எதிலயாவது ஒரு ரிவெட் கொறையுதா? முகம் அப்படித்தான் இருக்கு."

"கடைசியா நீங்களும் அவளும் எஞ்சின் அளக்கப் போனீங்களே. கூட யார் யார் இருந்தது?"

"நாங்க ரெண்டு பேர்தான். நான் வெளிய வண்டியில தூங்கிட்டு இருந்தேன். உள்ள எஞ்சின் மேல அந்த வயசான டிரைவர். அவருக்குக் காது சுத்தமா கேக்காது. கீழ இவ தனியா மைக்க வெச்சுக்கிட்டு நின்னா. ஏன்?"

"நான் வந்தேனா?"

டேப் கிழிப்பதை நிறுத்தினார். "மாப்ள, வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் தூங்குங்க."

"வந்தேனா?"

"நீங்க எங்க வந்தீங்க! லீவ் போடுன்னு அவ கெஞ்சுனா. முடியாதுன்னுட்டீங்க. எங்க வீட்டுக்கு முதல் தடவ வந்தப்பவே சுவர்க் கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுதுன்னு சொன்ன ஆளு. வேலைய விட்டுட்டு வருவீங்களா? போற வழியெல்லாம் உங்களத்தான் திட்டிட்டு வந்தா."

"இருமினாளா, போற வழியில?"

யோசித்தார். "வண்டில ஜன்னல தொறந்து வெச்சிருந்தோம். காத்து. கேட்டிருந்தா ஞாபகம் இருக்குமே."

காதின் அறைக்குக் கூட்டிப்போனேன். ஹெட்போனை மாட்டிவிட்டேன். இருமல் வந்த இடத்தில் மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த விநாடி திறந்தார். அவர் பார்த்தது என்னை இல்லை, என் வாயை. நான் அதை அசைத்தேனா என்று பார்த்தார்.

"இது நீங்க," என்றார். ஹெட்போனைக் கழற்றி, சூடான பாத்திரத்தை வைப்பது போல மேசையில் வைத்தார். அன்று மாலை வரை என் அறைப் பக்கம் வரவில்லை.

மேனேஜரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் காலையில் அவரிடம் போனேன். முழுவதும் சொல்லவில்லை. பட்டியலில் இல்லாத சத்தம் ஒன்று எஞ்சினின் ஒலிச் சிப்பில் இருக்கிறது, என் மனைவியுடைய இருமல், அடியில் ஓர் ஆண் பேச்சு என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணி லாரியின் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"எடுக்கணும்னா அறுநூறு சிப்பையும் திரும்ப எழுதணும். ரெண்டு நாள் வேலை. லாரிய நிறுத்தி வெக்கிறேன், அது பிரச்சனையில்ல. இருந்தா தப்பில்லன்னு தோணுச்சுன்னா விட்டுடுங்க. இதுல நான் முடிவு சொல்ல மாட்டேன். மூணு மணிக்குள்ள கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. எந்தப் பக்கம் வேணா போடுங்க."

காதிடம் கேட்டேன், ஆண் குரலை மட்டும் எடுக்க முடியுமா என்று.

"பாத்துட்டேங்க, ராத்திரியெல்லாம் அதத்தான் பாத்தேன். அந்த அடங்குன மூணாவது இருமல் இருக்கே, அதோட வால் பேச்சு வரைக்கும் நீளுது. ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு. எடுத்தா ரெண்டும் போகும். விட்டா ரெண்டும் இருக்கும்."

இரண்டும் போனால், மருத்துவமனைக்கு ஐந்து மாதம் முன்பே அவள் இருமியதற்கு, காதின் கோப்பைத் தவிர உலகத்தில் சாட்சி இல்லை. பத்து நாள் என்று நான் சொன்னது சரியாகிவிடும். விட்டால், அறுநூறு வீடுகளில் அவள் இருமுவாள், அறுநூறு வீடுகளிலும் நான் தூசி என்பேன்.

ஒன்றரை மணி. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, பெட்டியில் ஏற்கெனவே அடுக்கியிருந்த ஒன்றை எடுத்து ரோலரில் வைத்தேன். முன்னும் பின்னும் ஓட்டவில்லை. நேராக நின்ற நிலை. அட்டையில் நேரத்தைக் குறித்தேன். 1.34.

1.40. இருமல். இருமல். அடங்கிய இருமல்.

ஒன்றரை விநாடி.

குரல் வரவில்லை.

இரண்டு விநாடி. மூன்று. சீறல் மட்டும் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பழுது என்றால் சீறலும் நின்றிருக்கும். சிப் பழுது என்றால் முதலிலிருந்து தொடங்கும். இது இரண்டும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் பதிலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். அதே ஏற்றம், அதே இறக்கம். பதிவில் மூன்று தடவை கேட்டது.

"ஒண்ணுமில்லப்பா. தூசி."

அடுத்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது. தானாக வர இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தூசி இல்ல," என்றேன். "அதை அணைச்சிட்டுக் கிளம்பு. டாக்டரைப் பாத்துட்டு வீட்டுக்குப் போலாம்."

சீறல். வெகுநேரம் போலத் தோன்றியது. கடிகாரத்தில் ஏழு விநாடி.

"இப்பவேவா?"

இது பதிவில் இல்லை.

"இப்பவேதான்."

நீராவி சட்டென்று மெலிந்து நின்றது. மேசை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மின்சாரம் போகவில்லை. எஞ்சினைத் தொட்டேன். வழக்கமான சூடு.

ஒருமுறை அணைத்துப் போட்டேன். சீறல் வந்தது. ஆறு நிமிடம் நின்றேன், ஏழு நின்றேன், பத்து நின்றேன். இருமல் இல்லை. பதினேழாவதைத் தேடி எடுத்தேன். இல்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, நாலு ரோலரிலும் நாலு எஞ்சின். சீரான நீராவி, அட்டையில் எழுதியிருப்பது போலவே.

காதின் அறைக்குப் போனபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தோளைத் தட்டவில்லை. அவரே திரும்பினார்.

"ஏதாவது அழிச்சீங்களா?"

"நான் எதையும் தொடல."

"காப்பி எடுத்து வெக்கலாம்னு தொறந்தேன். நாப்பது நிமிஷம் இருந்துச்சு. நீங்களும் பாத்தீங்க இல்ல? இப்ப முப்பத்தொண்ணுதான் இருக்கு." ஹெட்போனை நீட்டினார். "கடைசியக் கேளுங்க."

சீறல். இருமல் இல்லை, பேச்சு இல்லை. ஏதோ ஒரு பொருளைப் பைக்குள் வைத்து ஜிப் இழுக்கும் சத்தம். பிறகு ஜல்லிக் கற்களின் மேல் காலடிகள். இரண்டு பேருடையது. ஒன்று கொஞ்சம் வேகமாக, ஒன்று பின்னால். தூரமாகிக்கொண்டே போய், பதிவு முடிந்தது.

"யாரோ பாதியில எந்திரிச்சுப் போயிருக்காங்க," என்றார் காது.

அட்டையில் குறை என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்கவில்லை. மூன்று மணிக்கு லாரி போயிற்று. மச்சான்தான் கடைசிப் பெட்டியை ஏற்றினார்.

"மாப்ள, சாயங்காலம் நான் கொண்டு வந்து விடவா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

"வேணாம் மச்சான்."

வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விட்டேன். மாடிப்படி ஏறி, கதவுக்கு முன்னால் நின்றேன். சட்டைப்பையில் சாவி இருந்தது. அதை எடுக்கவில்லை. மணியை அழுத்தினேன்.