மூன்றாம் பயனர்

வடிவமைப்புக் கல்லூரியில் அவளுக்குப் புள்ளி என்று பெயர். ஓர் எழுத்தின் மேலிருக்கும் புள்ளியை அரை மில்லிமீட்டர் நகர்த்துவதா வேண்டாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கு நின்றவளுக்குத் தோழிகள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அது அப்படியே வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் இப்போது அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது.

புள்ளிக்கு அடர்ந்த நிறம் என்றால் ஆகாது. வெள்ளை, சந்தனம், சாம்பல், இந்த மூன்றைத் தாண்டி அவளிடம் துணி கிடையாது. கூடத்துச் சுவர் பச்சையாக இருந்ததைப் பொறுக்கமாட்டாமல், இரண்டாம் வருட விடுமுறையில் தானே ஏணி போட்டு ஏறி வெளிர் சந்தன நிறம் அடித்தாள். வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது என்று அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாள். அப்பா நன்றாக இருக்கிறது என்றார். பெண் எதைச் செய்தாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ரகம் அவர்.

அவருக்கு நான்கு தெரு தள்ளி இருக்கும் பெரிய கடையில் வேலை. லாரியில் வரும் சரக்கை அலமாரிகளில் அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. அந்தக் கடைக்குள் போனால் புள்ளிக்குத் தலைவலி வந்துவிடும். சோப்புத்தூள் பெட்டி ரத்தச் சிவப்பு, பக்கத்திலேயே கண்ணைக் குத்தும் மஞ்சள், அதன் மேல் தாம்பாளம் அளவுக்கு ஒரு நட்சத்திரம், அதற்குள் 'புதியது' என்று ஒரு பொய். அப்பாவோ அந்த வரிசைகளில் தன் வீட்டு அடுக்களையில் நடப்பதைப்போல நடப்பார். யாராவது பல்பொடி எங்கே என்று கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிக் காட்டுவார். கடையில் அதை ஒரு வித்தையாகவே நினைத்தார்கள்.

கடைசி வருடத் திட்டத்துக்கு வாத்தியார் கொடுத்த வேலை இதுதான்: மனிதர்களுக்கு உபயோகமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதன் உறையையும் அதற்கான வலைத்தளத்தையும் சமூகப் பொறுப்போடு மறுபடி வடிவமைக்க வேண்டும். இந்த வாத்தியாருக்கு மார்ஜின் சார் என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விடும்மா என்பார். புள்ளி வெகுநேரம் யோசிக்கவில்லை. அப்பாவின் கண் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டாள்.

அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய். பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் குறையும். வலிக்காது. குறைந்தது திரும்பி வராது. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க இரண்டு மருந்து: மஞ்சள் மூடி போட்டதைக் காலையும் இரவும் போட வேண்டும், பச்சை மூடியை இரவு மட்டும். இரண்டு பெட்டிகளிலும் எறும்பு ஊர்வதுபோல எழுத்து, ஆரஞ்சுப் பட்டை, நீலப் பட்டை, கம்பெனியின் முத்திரை. பார்க்கச் சகிக்காது என்பது புள்ளியின் தீர்ப்பு.

அவள் உயிரைக் கொடுத்து உழைத்தாள் என்பதை மறுக்க முடியாது. பெட்டி, மறுபடி பயன்படுத்திய தாளில், பிளாஸ்டிக் பூச்சு இல்லாமல். இரண்டு மருந்துக்கும் ஒரே சந்தன நிறம், ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டுமே. இரண்டு வேளை மருந்துக்கு மெல்லிய கோட்டில் ஒரு சூரியன், இரவு மருந்துக்கு மெல்லிய கோட்டில் ஒரு பிறை. பெட்டியின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதைப் போனில் படம் பிடித்தால் வலைத்தளம் திறக்கும். அதில் விளம்பரம் இல்லை, யாரையும் வேவு பார்ப்பதில்லை, பழைய போனிலும் ஓடும், மின்சாரத்தைக்கூட மிச்சம் பிடிக்கும். திறந்தால் மேலே சூரியனுக்கு ஒரு பொத்தான், கீழே பிறைக்கு ஒரு பொத்தான்; தொட்டால் அந்த மருந்தை எப்படிப் போடுவது என்று வரும். அவ்வளவுதான். மார்ஜின் சார் முதல் தடவையாக ஓரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

படம் எடுக்க நிஜப் புட்டி வேண்டும். அப்பாவின் புட்டிகளிலிருந்து பழைய லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தாள். தன் லேபிளை ஒட்டினாள். மஞ்சள் மூடிக்கும் பச்சை மூடிக்கும் வெள்ளைச் சாயம் அடித்தாள். படம் எடுத்து முடிந்ததும் அவற்றை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்து, சூரியன் இது, பிறை இது என்று ஒரு முறை காட்டினாள். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்து, நகை மாதிரி இருக்கும்மா என்றார். மாதம் பிறந்து புதுப் புட்டிகள் வந்தபோது அவற்றுக்கும் அதே அலங்காரம் நடந்தது. அறிக்கையில் அதற்கு 'நீண்டகாலப் பயன்பாட்டு ஆய்வு' என்று தலைப்புப் போட்டாள்.

வலைத்தளத்தை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்து வீடியோவும் எடுத்தாள். அப்பாதான் மூன்றாம் பயனர். மற்றவர்கள் பொத்தானைக் கண்டுபிடிக்க மூன்று நான்கு வினாடி எடுத்தபோது, அவர் ஒரு வினாடிக்குள் தொட்டுவிட்டார். 'மூன்றாம் பயனர்: வயது 54. கண் நோய் உள்ளவர். எந்தச் சிரமமும் இல்லை' என்று எழுதி, வரைபடத்தில் அவருடைய கோட்டை மட்டும் தடிமனாக்கினாள்.

இறுதி மதிப்பீட்டுக்கு இரண்டு நாள் இருந்தபோது அப்பாவின் மூன்று மாதப் பரிசோதனை வந்தது. புள்ளியும் கூடப் போனாள். பாசத்தால் மட்டும் என்று சொன்னால் அது பொய். டாக்டரம்மா புதுப் புட்டிகளைப் பார்த்து நல்லதாக நான்கு வார்த்தை சொன்னால் அதை மதிப்பீட்டில் காட்டலாம் என்று ஒரு கணக்கு இருந்தது.

டாக்டர் அழுத்தத்தை அளந்தார். மறுபடி அளந்தார். போன தடவை பதினாறு, இப்போது இருபத்தெட்டு. மருந்தை விட்டுவிட்டுப் போடுகிறீர்களா என்று கேட்டார். ஒரு வேளைகூடத் தப்பியதில்லை என்றார் அப்பா. கொண்டுவந்த புட்டிகளைக் காட்டச் சொன்னார் டாக்டர். மேசை மேல் இரண்டு வெள்ளைப் புட்டிகள் நின்றன. டாக்டர் ஒன்றை எடுத்து விளக்கடியில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குவரை கொண்டுபோனார்.

"இதுல ராத்திரி மருந்து எது?"

அப்பாவின் கை ஒரு புட்டியை நோக்கிப் போய் நின்றது. பிறகு மற்றதைத் தொட்டது. அது சூரியன்.

ஒரே நாளில் இரண்டு தடவை போடுகிற மருந்தை ஒரு தடவையும், ஒரு தடவை போடுகிறதை இரண்டு தடவையும் போட்டால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது என்று டாக்டர் விளக்கினார். இப்படி லேபிள் ஒட்டியது யார் என்று குரலை உயர்த்தாமல் கேட்டார். புள்ளி வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் டாக்டர். பழைய லேபிள் நனைஞ்சு போச்சு."

அவள் அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளைப் பிறகு அரித்தது. டாக்டர் அப்பாவைச் சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டினார், அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஓரப் பார்வை முன்பைவிடச் சுருங்கியிருந்தது; வெளிர் நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் சக்தியும் குறைந்திருந்தது. அது இந்த மூன்று மாதத்தில் போனதா, முன்பே போகத் தொடங்கியதா என்று புள்ளி மெல்லக் கேட்டாள்.

"அதை யாராலயும் சொல்ல முடியாது. போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்துங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் கணினியைத் திறந்து மூன்றாம் பயனரின் வீடியோவை ஓடவிட்டாள். ஏற்கெனவே இருபது தடவை பெருமையோடு பார்த்திருப்பாள். இந்தத் தடவை மெதுவாக ஓட்டினாள். அப்பா போனைப் பிடித்திருக்கிறார். அவள் குரல், இரவு மருந்துக்கு எதைத் தொடணும் என்று கேட்கிறது. திரையில் இன்னும் ஒன்றுமே வரவில்லை, வெறும் வெள்ளை. அதற்குள் அவருடைய கட்டைவிரல் கீழ்ப் பொத்தான் வரப்போகும் இடத்துக்கு மேல் போய்க் காத்திருக்கிறது. பொத்தான் வந்ததும் தொடுகிறார். அடுத்த கேள்விக்கும் அப்படித்தான். விரல் முன்னால், பக்கம் பின்னால்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்த வீடியோ எடுப்பதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது, மேல எதும்மா வெச்சிருக்க, கீழ எது, என்று அப்பா கேட்டார். தன் வேலையில் அவருக்கு எவ்வளவு ஆர்வம் என்று பூரித்துப்போய் அவள் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தாள். அவர் பாடம் பண்ணிக்கொண்டார். கடையில் பல்பொடியைக் கைநீட்டிக் காட்டுவதும் இதே வித்தைதான் போலிருக்கிறது என்று தோன்றியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். அவர் வீடியோவைப் பார்க்கவில்லை, மகள் முகத்தைப் பார்த்தார். மாட்டிக்கொண்டது தெரிந்துவிட்டது. புட்டி இரண்டும் அலமாரியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று வைத்துத்தான் சமாளித்ததாகச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மா அலமாரியைத் துடைத்தபோது இடம் மாறியிருக்கலாம். புது மாதத்துப் புட்டிகளை அவரே தப்பாக வைத்திருக்கலாம். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா."

"நீ அவ்வளவு ஆசையா செஞ்சிருந்த. அதோட, வீட்டுல தெரியலன்னு சொன்னா நாளைக்குக் கடையிலயும் சொல்லணும். அப்புறம் யாரு வேலை குடுப்பா?"

அம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அப்பனும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் சந்தோஷப்படுத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டீர்களா என்று பொரிந்து தள்ளினாள். நியாயமான கேள்விதான். புள்ளி மூடிகளைக் கழற்றாமல் புட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் வெள்ளைச் சாயத்தைச் சுரண்டினாள். சாயம் உதிர உதிர ஒன்றில் மஞ்சள் தெரிந்தது, இன்னொன்றில் பச்சை. கை எட்டும் தூரத்திலிருந்து அப்பா சட்டென்று சொன்னார், இது ராத்திரி, இது ரெண்டு வேளை என்று.

மதிப்பீட்டு அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மார்ஜின் சார். அவளுடைய வேலைதான் கண்காட்சிக்குப் போகப்போகிறது என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டிருந்தது. புள்ளி பெட்டிகளை மேசையில் வைத்தாள். அவர்கள் கையில் எடுத்து, அழகு, நிதானம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு அவள் வீடியோவை ஓடவிட்டு, திரை வெறுமையாக இருக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"இவர் என் அப்பா. இவர் கண்ணுக்கு நான் செஞ்சது எதுவுமே தெரியல. எனக்காக மனப்பாடம் பண்ணியிருக்காரு. மாசக்கணக்கா மருந்து மாத்திப் போட்டிருக்காரு. லேபிள் ஒட்டினது நான்தான்."

கடைசி வாக்கியத்தை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கேயாவது அதைச் சொல்லிவிட்டாள். மார்ஜின் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். இந்த வெளிறிய நிறத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர் அவர்தானே. கண்காட்சி இல்லை, தேர்ச்சியும் இல்லை, இரண்டு மாதத்தில் புதிதாகச் செய்துகொண்டு வர வேண்டும் என்று முடிவானது. வெளியே வரும்போது அவர் பின்னாலேயே வந்து, அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். புள்ளி நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்து, அங்கேயும் அதைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் கூடம் முழுக்க விழுந்திருந்தது. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் ஆணியை மட்டுமே பார்க்க வேண்டும், தலையைத் திருப்பக் கூடாது என்று புள்ளி கண்டிப்பாகச் சொன்னாள். இந்தத் தடவை மனப்பாடம் கிடையாது, எனக்காகச் சமாளித்தால் அடி விழும் என்றும் சொன்னாள். அவர் சிரித்தார். வீட்டிலேயே பளிச்சென்ற பொருளாகப் பார்த்து, குளியலறையிலிருந்து சோப்புத்தூள் பெட்டியை எடுத்துவந்து மார்போடு பிடித்துக்கொண்டாள். அதே ரத்தச் சிவப்பு, அதே நட்சத்திரம். ஆணிக்குக் கீழே நின்று, சுவரை ஒட்டி ஒவ்வொரு அடியாக இடது பக்கம் நகர்ந்தாள்.

"இப்ப?"

"தெரியுதும்மா."

இன்னும் ஓர் அடி. தெரியுது என்றார். இன்னும் ஓர் அடி. சுவரின் இடது கோடியில் இருந்த ஜன்னலுக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. அவள் வெளிர் சந்தன நிறச் சட்டையில், தானே அடித்த வெளிர் சந்தனச் சுவரை ஒட்டி நின்றாள்.

அப்பா ஆணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் முதலில் நினைத்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நீ இல்லம்மா," என்றார் கடைசியில். "பெட்டி மட்டும் நிக்குது."

புள்ளி பெட்டியை இறக்காமல் குனிந்து, கால் நின்ற இடத்தில் பென்சிலால் தரையில் ஒரு கோடு போட்டாள். பிறகு நிமிர்ந்து அடுத்த அடி வைத்து, இப்ப, என்று கேட்டாள்.