முக்கால் அங்குலச் சுவர்

அந்த மின்சார மேஜை ரம்பம் சின்னது. அதன் மேல்தட்டில் நாலு சாப்பாட்டுத் தட்டை வைத்தால் ஐந்தாவதற்கு இடம் இருக்காது. வெட்ட வேண்டிய ப்ளைவுட் பலகையோ எட்டடி நீளம், நாலடி அகலம். ஒரு ஆள் தாராளமாகப் படுத்துப் புரளலாம். ஒன்றுக்கொன்று ஒத்தே வராத இந்த ரெண்டையும் வைத்துக்கொண்டுதான் அண்ணனும் தம்பியும் பதினெட்டு வருஷம் அலமாரி செய்து பிழைத்தார்கள்.

அண்ணன் இந்தப் பக்கம் நின்று தள்ளுவார். தம்பி ரம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று, வெட்டுப்பட்டு வெளியே வருகிற பலகையைக் கையில் வாங்குவான். வாங்குகிறவன் இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது, தாழ்த்தவும் கூடாது. மேஜையே கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி சும்மா நிற்க வேண்டும். சொல்வதற்கு லேசு. வேறு ஆட்களை நிறுத்திப் பார்த்த நாளெல்லாம் பலகை கோணிக்கொண்டு போனது. "உன் தம்பி மனுஷனே இல்லப்பா, நல்ல மேஜை" என்று பலகைக் கடைக்காரர் கேலி செய்வார். தம்பி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான்.

அண்ணனுக்கு 'நூல்' என்று பட்டப்பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சர்கள் ஒரு நூல் என்பார்கள். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், வாயில் வைத்த சோற்றை விழுங்குவதற்கு முன்னால், "கதவு ரெண்டு நூல் இறங்கியிருக்கே" என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷர் ரெண்டு மாதமாக எதையும் அளந்து பேசவில்லை. பேசவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று காலை பட்டறைச் சுவரில் ஆறு பலகைகள் சாய்ந்திருந்தன. வாடிக்கையாளர் யாருக்கும் இல்லை. வீட்டுக்குத்தான். பட்டறையை ஒட்டினாற்போல் இருந்த அந்த வீட்டின் கூடத்தை நடுவில் மறித்து, அண்ணன் குடும்பம் முன்வாசல் பக்கமும் தம்பி குடும்பம் அடுப்படிப் பக்கமுமாகப் பிரிந்து இருப்பது என்று முடிவாகியிருந்தது. பஞ்சாயத்து பண்ணியது சித்தப்பா. மரச்சட்டம் அடித்து நிறுத்தியாகிவிட்டது. ரெண்டு பக்கமும் பலகை அறைய வேண்டியதுதான் பாக்கி.

"அரை அங்குலம் போதும்" என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

"முக்கால் போடுண்ணே" என்றான் தம்பி. "சத்தம் கேக்கக் கூடாதாம். அவ சொல்லிட்டா."

அவள் என்றால் தம்பி மனைவி. சுவர் கேட்டது அவள்தான். ஏன் கேட்டாள் என்பதைச் சொல்ல, ரெண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

அவர்களுடைய அம்மாவுக்கு ஞாபகம் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. கால்கள் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். வாசல் இரும்புக் கதவு திறந்திருந்தால் போதும், யாரோ கூப்பிட்ட மாதிரி கிளம்பிவிடுவாள். அதனால் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கடைசியாக உள்ளே வருகிறவர் கதவைச் சாத்திக் கொக்கி போட வேண்டும்.

சம்பவம் நடந்த அன்று பகலில் அண்ணனும் தம்பியும் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்னால் பிடித்தவன் தம்பி, பின்னால் பிடித்தவர் அண்ணன். ரெண்டு கையிலும் பலகை. இறக்கி வைத்துவிட்டு வந்து சாத்தலாம் என்று நினைத்தார். இறக்கி வைத்ததும் பலகையின் ஓரம் நசுங்கியிருப்பது கண்ணில் பட்டது. கடைக்காரருக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தார். சண்டை முடிந்தபோது கதவு அவர் நினைப்பில் இல்லை.

அதற்குக் கால்மணி நேரம் முன்னால்தான் தம்பி மனைவி கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள்.

அம்மாவை மறுநாள் ரெண்டு தெரு தள்ளி, கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் அஸ்திவாரக் குழியில் கண்டுபிடித்தார்கள். குழியில் இடுப்பளவு மழைத்தண்ணீர் நின்றது.

துக்கத்துக்கு வந்த உறவுகள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா கேட்டார்: "கடைசியா வெளியே போயிட்டு வந்தது யாரு?"

எல்லார் கண்ணும் தம்பி மனைவி மேல் திரும்பியது. "நான் சாத்திட்டுத்தான் வந்தேன்" என்றாள். "கொக்கி போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு." யாரோ ஒரு அத்தை, "ஞாபகம் இருக்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள். அண்ணன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்துச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. ஒரு நாள் கழித்து இன்னும் கஷ்டம். ஒரு வாரத்தில் அது சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தம்பி மனைவி ஒரு கதவைச் சாத்தினால்கூட, அண்ணன் மனைவி எழுந்து போய் மறுபடி தள்ளிப் பார்ப்பாள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுவே போதுமாக இருந்தது. தம்பியும் ஒருநாள் ஆத்திரத்தில், "ஒரு கொக்கி போட உனக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்குத்தான் அவள் சுவர் கேட்டாள்.

இப்போது பட்டறையில் ரம்பம் உறுமியது.

கூடத்தின் அகலம் பதினோரு அடி. ஒரு பக்கத்துக்கு ரெண்டு முழுப் பலகையும், மூன்றடிக்கு ஒன்றும் வேண்டும். அதாவது ரெண்டு பலகைகளை நீளவாக்கில் வெட்டி, அகலத்தில் ஓர் அடி குறைக்க வேண்டும். குறைத்த எட்டடித் துண்டு கூரையோரத்து இடைவெளிக்கு ஆகும், மிச்ச மூன்றடிக்குப் பழைய துண்டு இருந்தது. அண்ணன் வழிக்கட்டையை, அதாவது பலகை கோணாமல் அணைத்துப் போகிற இரும்புக் கட்டையை, பல்லிலிருந்து சரியாக ஓர் அடி தள்ளி இறுக்கினார். ரெண்டு தடவை அளந்தார். தம்பி எதிரே போய் நின்றான். இருவரும் முதல் பலகையைத் தூக்கி மேஜையில் ஏற்றினார்கள். மூன்றடி அகலம் இடது பக்கம் அந்தரத்தில் தொங்கியது.

"போலாமா?"

"ம்."

அண்ணன் தள்ளினார். மரத்தூள் புகைபோல் எழும்பியது. ஓர் அடி, ரெண்டு அடி. தம்பி கையை விரித்து வாங்கினான். அண்ணன் பார்வை பல்லின் மேல் இருக்க வேண்டியது. ஆனால் நிமிர்ந்து பார்த்தார். தம்பியின் முகம் ரெண்டு மாதத்தில் அரையாகச் சுருங்கியிருந்தது. அவன் பலகையைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தில் நின்ற சட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெட்டு முடிந்து துண்டு பிரிகிற நேரம். தம்பியின் கை ஒரு கணம் தளர்ந்தது. பலகையின் கனமான பக்கம் சரிந்தது, வெட்டுவாய் நெளிந்தது, பல் கவ்வியது. கட்டைக்கும் பல்லுக்கும் நடுவில் சிக்கிய ஓர் அடித் துண்டு, எட்டடி நீளமும் அப்படியே, வந்த வழியே திரும்பிப் பாய்ந்து அண்ணனின் இடுப்பில் இடித்தது. அவர் மல்லாக்க விழுந்தார்.

தம்பி பாய்ந்து சுவிட்சை அணைத்தான். மேஜையைச் சுற்றி ஓடிவந்து மண்டியிட்டான்.

"என் தப்புண்ணே! நான்தான் விட்டுட்டேன். கவனம் இங்க இல்ல. எங்க பட்டுச்சு? ஐயோ, நான்தான் விட்டுட்டேன்!"

அண்ணனுக்கு மூச்சு வரவில்லை. இடுப்பெலும்பு நெருப்பாக எரிந்தது. ஆனால் அந்த வலியை விட வேறொன்று பெரிதாக வந்து உட்கார்ந்தது. இவனுக்கு இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது? ரம்பத்தின் பல் சுழன்று நிற்கக்கூட இல்லை. அதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டான்.

"கதவு" என்றார் அண்ணன்.

"என்ன கதவு? கொஞ்சம் எந்திரி, பாப்போம்."

"வாசக் கதவுடா. அன்னிக்குப் பலகை தூக்கிட்டு வந்தோமே. பின்னாடி புடிச்சது நான். கடைசியா வந்தது நான்தான். நான் சாத்தல."

தம்பியின் கை அண்ணனின் தோளில் இருந்தது. அங்கேயே இருந்தது. கனம் மட்டும் போய்விட்டது.

"அவ சாத்திட்டுத்தான்டா உள்ள போனா. நாம வரும்போது கொக்கி போட்டுத்தான் இருந்துச்சு. நீதான் முழங்கையால தட்டித் தொறந்த. உனக்கு ஞாபகம் இல்லையா?"

தம்பி யோசித்தான். ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. முழங்கையில் அன்றைக்குச் சிராய்த்த காயம்கூட ஞாபகம் வந்திருக்க வேண்டும். முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"அப்போ எனக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்றான் மெதுவாக. "நான் தொறந்தேன்னா, அவ சாத்தியிருக்கான்னுதானே அர்த்தம்? இது எனக்கு ஏன் தோணல? எல்லாரும் அவளைப் பாத்தாங்க, நானும் சேந்து பாத்தேன்."

அண்ணன் அழுதார். நாற்பத்தெட்டு வயது மனுஷர் மரத்தூளில் கிடந்து அழுவது பார்க்க நன்றாக இல்லை. தம்பி கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பியிருந்தான். பிறகு எழுந்து கை கொடுத்தான்.

"எந்திரி. இன்னொரு பலகை பாக்கி இருக்கு."

"இன்னுமா வெட்டணும்?"

"வெட்டணும்."

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து மறுபடி ரம்பத்தைப் போட்டார். தள்ளிக்கொண்டே போனார். எதிரே நின்றவனுக்கு எல்லாம் தெரியும் இப்போது. அவன் நினைத்தால் ஒரு விரலைத் தாழ்த்தினால் போதும். தம்பி தாழ்த்தவில்லை. பலகை மேல் கண் வைத்து, மேஜை மாதிரி அசையாமல் நின்று, எட்டடியையும் வாங்கி முடித்தான். வெட்டு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

பத்து நிமிஷத்தில் அவன் மனைவி பட்டறைக்கு வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க மாமா. அவர் சொல்லி நான் கேக்க வேணாம்."

அண்ணன் சொன்னார். தரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"நான் சாத்தினேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "ஆனா நாள் ஆக ஆக எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கதவைச் சாத்திட்டுத் திரும்பி வந்து மறுபடி பாக்குறேன், சாத்தினேனான்னு. அத்தைக்கு ஞாபகம் போன மாதிரி எனக்கும் போயிருச்சோன்னு பயந்து செத்தேன். ரெண்டு மாசம், மாமா."

"தப்பும்மா. பெரிய தப்பு."

"சித்தப்பாகிட்ட சொல்லுங்க. எல்லாருக்கும் முன்னாடி கேட்டாரே, அவருகிட்ட. இப்பவே."

அண்ணன் அவள் எதிரிலேயே போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி விடுப்பா, போனவ திரும்பியா வரப்போறா? எதுக்கு இப்போ கிளறிக்கிட்டு? பலகை வந்துருச்சா, என்ன விலை போட்டான்?" என்றார். அன்று பேசிய அத்தையைக் கூப்பிட்டபோது, "அப்படியா! நான் அவளை ஒண்ணும் சொல்லலையே" என்றாள். அன்று கூடத்தில் இருந்த இன்னும் ரெண்டு பேர் போனை எடுக்கவில்லை.

தம்பி மனைவி நின்று கேட்டாள். மன்னிப்பு என்று யாராவது ஒருவர் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. சிரித்தாள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"நான் பழி சுமந்தப்ப கூடம் நிறைய ஆளு. அதை இறக்கி வைக்கும்போது ஒருத்தரும் இல்ல."

"சுவர் வேண்டாம்மா" என்றார் அண்ணன். "பலகையைத் திருப்பி அனுப்பிடறேன்."

"வெட்டினதை யார் திருப்பி வாங்குவாங்க?" என்றாள். "அறைஞ்சிடுங்க, மாமா. முன்னாடி கோவத்துல கேட்டேன். இப்போ கோவம்கூட இல்ல. ஆனா உங்க யார் முகத்தையும் பாத்துக்கிட்டு என்னால சோறு பொங்க முடியாது."

அண்ணன் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் முதலில் அவள் புருஷனை நம்பவில்லை, தம்பி மனைவியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்தாள். நம்பிய பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்டகூடச் சொல்லலையே. அவ சாத்தின கதவை எல்லாம் நான் எழுந்து போய்த் தள்ளிப் பாத்தேனே" என்றாள். ஓரகத்தியிடம் போய் நின்றாள். என்ன பேசினார்களோ, ரெண்டு நிமிஷத்தில் திரும்பிவிட்டாள்.

மாலைக்குள் சுவர் எழுந்துவிட்டது. அண்ணன் பக்கப் பலகைகளை அண்ணன் அறைந்தார், தம்பி பக்கத்தைத் தம்பி. கூரையோரத்து ஓர் அடித் துண்டை வைக்கும்போது மட்டும் அண்ணனுக்கு இடுப்பு வலியால் ஏணி ஏற முடியவில்லை. தம்பி வாசல் வழியாகச் சுற்றிவந்து ஏறி, திருகாணி முடுக்கிவிட்டு இறங்கினான். இடுப்பைப் பார்த்து, "டாக்டரைப் பாரு" என்றான். அவ்வளவுதான்.

எலும்பு முறியவில்லை. மூன்று வாரத்தில் அடிபட்ட இடத்து நீலம் பச்சையாகி மறைந்தது. அதற்குள் தம்பி ஒரு பெரிய மரச்சாமான் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். அங்கே பலகை வெட்டுகிற இயந்திரம் ஒரு அறை அளவு இருக்குமாம். பலகையை அதுவே படுக்க வைத்து, அதுவே நகர்த்தி, அதுவே வெட்டுமாம். ஒரு ஆள் பொத்தானை அழுத்தினால் போதும். காலையில் அவன் அடுப்படிப் பக்கக் கதவு வழியாகக் கிளம்பிப் போவது பட்டறையிலிருந்து தெரியும். அண்ணன் தலையசைப்பார். அவனும் அசைப்பான். சில நாள் அவன் மனைவி கையாட்டி அனுப்ப அந்தக் கதவோரம் நிற்பாள். அண்ணனைப் பார்த்தால் உள்ளே போய்விட மாட்டாள். அதற்காகப் பேசவும் மாட்டாள்.

அண்ணன் இப்போது பெரிய பலகை வேலை எடுப்பதில்லை. முக்காலி, புத்தகத் தட்டு, செருப்பு வைக்கிற பெட்டி என்று அந்தச் சின்ன மேஜைக்குள் அடங்குகிற வேலைதான். போன வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, மகளுக்குத் துணி அலமாரி வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லை என்று வெகுநேரம் மன்றாடினார். அண்ணன் அவருக்குத் தம்பி வேலை செய்கிற தொழிற்சாலையின் விலாசத்தை ஒரு பலகைத் துண்டில் எழுதிக் கொடுத்தார்.

"அங்க ரொம்ப சுத்தமா வெட்டுவாங்க" என்றார்.