எட்டு வருடக் கலோரிகள்

கறி முப்பது கிராம் இருக்கும். தோலோடு சேர்ந்த துண்டு, முப்பத்தைந்து என்றே வைத்துக்கொள். மசாலாவில் சர்க்கரை போட்டிருக்கிறாளா, இனிப்புக்குப் பேரிக்காய் மட்டுமா? கேட்டால் சண்டைக்கு வருவாள். நூற்றிருபது கலோரி. இல்லை, நூற்று நாற்பது.

சொன்யோங் மென்று விழுங்கினாள். ஊட்டியவள் மிரான், அவள் கணவனுடைய அண்ணன் மனைவி. ஒவ்வொரு நவம்பரிலும் மிரான் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, இரண்டு குடும்பத்துக்கும் குளிர்காலத்துக்கான கிம்ச்சி, அதாவது காரக் கோஸ் ஊறுகாய், போடுவார்கள். இந்த வருடம் நாற்பது கோஸ். முழங்கை வரை ரப்பர் கையுறை, அதன்மேல் மிளகாய் விழுது. தானாக எதையும் எடுத்துத் தின்ன முடியாது. யாராவது கோஸ் இலையில் அவித்த பன்றிக்கறியைச் சுருட்டி வாயில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்வது வழக்கமில்லை.

"இன்னும் ஒண்ணு, ஆ காட்டு."

"போதும்க்கா. இதோட நாலு."

"எண்ணிட்டியா! மூஞ்சியப் பாரு, உள்ளுக்குள்ள கூட்டல் ஓடுது." மிரான் சொன்யோங்கின் மகள் பக்கம் திரும்பினாள். "ஹாரின், உங்கம்மா ரெண்டு வருஷம் முன்னாடி பையில தராசு கொண்டாந்தா, தெரியுமா? பவுடர் டப்பா கணக்கா குட்டியா. என் சமையல்கட்டுல நின்னு கறிய நிறுக்கிறா. நான் பங்குல குறைச்சிட்டேன்னு பாக்குறாளாக்கும்னு ஒரு மாசம் அவகூடப் பேசல நான்."

பன்னிரண்டு வயது ஹாரின், பூண்டு உரித்தபடியே சிரித்தாள். சொன்யோங்கும் சிரித்தாள். அதற்குப் பிறகு தராசை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறாள். கணக்கை விடவில்லை.

"எட்டு வருஷமாச்சு. இளைச்சும் ஆச்சு. விட்டுத் தொலையேன்டி. கிழவியானப்புறமும் பல்செட்டக் கழட்டி வச்சிட்டு கலோரி எழுதுவியா?"

விடலாமா? சொன்யோங்கின் அம்மா சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, அறுபத்தொரு வயதில் போனாள். தன் ரத்தத்திலும் சர்க்கரை ஏறிய வருடம்தான் சொன்யோங் எழுதத் தொடங்கினாள். பத்தொன்பது கிலோ குறைந்தது. ஒரு கோடையில் மூன்று மாதம் நிறுத்திப் பார்த்தாள்; ஆறு கிலோ திரும்பி வந்தது. அப்படியானால் இது மருந்து. மருந்தை யாராவது விடச் சொல்வார்களா? ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே சட்டிக்குள் கரண்டி விட்டுச் சாப்பிடும்போது, அளவு தெரிய வேண்டுமென்று தனக்கு மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்கிறாளே, அதுவும் மருந்தா? விடச் சொன்னால் கோபம் வருகிறது. பாராட்டினால் கூசுகிறது. தான் எந்தப் பக்கம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

எது எப்படியோ, மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். கையைப் பார்த்தாள். சொட்டச் சொட்டச் சிவப்பு.

"ஹாரின், கையத் தொடச்சிட்டு அம்மா போன எடு. நான் சொல்றத எழுது. ரகசிய எண்..."

"தெரியும்மா."

சொல்லி முடிக்குமுன் ஹாரின் கலோரிச் செயலியில் அம்மாவின் பக்கத்தைத் திறந்திருந்தாள். "அவிச்ச பன்னிக்கறி, தோலோட. ஒரு துண்டு எத்தனை கிராம்?"

"முப்பத்தஞ்சு."

"போன வருஷம் இதே நாள் இருபத்தஞ்சுன்னு போட்டிருக்க. ஏமாத்தியிருக்கம்மா!"

மிரான் விழுந்து விழுந்து சிரித்தாள். சொன்யோங் மகளின் கட்டைவிரலையே பார்த்தாள். அது திரையைத் தள்ளித் தள்ளி, மாதங்களைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இது என் பத்தாவது பொறந்த நாளு. கேக், ரெண்டு வாய், தொண்ணூறு. அவ்வளவுதான் தின்னியா?"

மகள் குறை சொல்லவில்லை. அவள் கண்ணில் வியப்புதான் இருந்தது. "செம கட்டுப்பாடும்மா உனக்கு," என்றாள் ஹாரின்.

சொன்யோங் பார்வையைத் திருப்பி, கையிலிருந்த கோஸில் விழுதை அழுத்தித் தேய்த்தாள்.

மிரான் இன்னொரு இலையைச் சுருட்டி நீட்டினாள். "உனக்குத்தான்டி குட்டி. ஆ காட்டு."

ஹாரின் வாயைத் திறக்கவில்லை. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இது எவ்வளவு?"

மிரானின் கை அந்தரத்தில் நின்றது. விரிப்பில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. நூற்று நாற்பது என்று சொன்யோங்கின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி இது, பெரியம்மா கையில வாங்கறதுக்குக் கணக்கா?" என்றாள் மிரான். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"ஒரு வாட்டி தெரிஞ்சுக்கறேன் பெரியம்மா." ஹாரின் போனில் எதையோ தட்டினாள். "அம்மா, எனக்கும் இதுல ஒரு பக்கம் தொறக்கறேன். சின்னப் பசங்கன்னா அம்மா கைரேகை கேக்குது. கையுறையக் கழட்டிக் கட்டைவிரல மட்டும் வை, போதும்."

போன் முகத்துக்கு நேரே வந்தது. வாழ்நாள் பழக்கம் இன்றே தொடங்கட்டும் என்று எழுதி, கீழே விரல் வைக்க ஒரு வட்டம்.

"நீ செய்றதுதானேம்மா?"

ஆமாம், செய்வதுதான். தப்பென்றால் எட்டு வருடமாக ஏன் செய்கிறாள்? நல்லதென்றால் மகளுக்கு மட்டும் ஏன் கூடாது? உள்ளே துழாவினாள். அம்மாவின் கால் வந்தது. இரண்டு வாய் கேக் வந்தது. இன்று தின்ற நான்கைத் தன் பக்கத்தில் எழுதப்போகிறாளா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த கோஸை இழுத்து வைத்து இலைகளை விரித்தாள். மிளகாய் விழுதுக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டாள்.

"வைக்க மாட்டேன்," என்றாள் மெதுவாக.