ம் கொட்டாத வளைவு

பந்தய வட்டாரத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவன் அவள் புருஷன். ராலி என்கிற சாலைப் பந்தயத்தில் கார் ஓட்டுகிறவன் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, வரப்போகிற வளைவுகளை முன்கூட்டியே படித்துக்கொண்டே வர வேண்டும். இடது நாலு, மேடு, வலது ரெண்டு, உள்ளே வெட்டாதே என்று வாய் ஓயவே கூடாது. எண் குறையக் குறைய வளைவு கூர்மை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனுக்கு அந்த வேலையைச் செய்தவள் அவள். "காருக்குள்ளயும் நீ, வீட்டுக்குள்ளயும் நீ. ஆஃப் பண்ற பட்டனே இல்லாத ரேடியோ" என்பான். அவன் பேச்சு குறைவு. அவள் சொல்லும் ஒவ்வொரு வளைவுக்கும் ஹெட்செட்டில் ஒரு "ம்" மட்டும் வரும், கதை கேட்கிற குழந்தை உம் கொட்டுகிற மாதிரி. அது வந்தால்தான் அவள் அடுத்ததைப் படிப்பாள்.

அவன் போனது ஒரு குளிர்தேசத்துக் காட்டுப்பாதையில். அவள் சரியாகத்தான் படித்தாள். அவனும் "ம்" என்றான். மர நிழலில் உருகாமல் கிடந்த பனிக்கட்டிக்கு இரண்டும் கேட்கவில்லை. கார் அவன் பக்கமாக மரத்தில் போய் மோதியது. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு விட்டுப்போனதோடு சரி.

அதற்குப் பிறகு அவள் போட்டியில் உட்காரவில்லை. ஆனால் போட்டியை நடத்தும் கம்பெனி அவளை விடவில்லை. வருஷா வருஷம் அதே காடுகளில், அதே பாதைகளில் ஓட்டி ஓட்டி, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கே நரை தட்டிவிட்டது. கடல் தாண்டிப் புது நாடுகளுக்குக் கொண்டுபோனால்தான் பிழைக்கும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அப்படிப் போகிற நாட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் போவது அவள் வேலை. எந்தச் சாலை, ஆம்புலன்ஸ் எங்கே நிற்பது, ஹெலிகாப்டர் எங்கே இறங்குவது, ஜனங்களை எந்தப் பக்கம் நிற்கவிடுவது, யார் வீட்டு வாசல் சாலையில் திறக்கிறது என்று எல்லாம் பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே போட்டி.

முதல் புது நாட்டிலேயே அது வந்தது. உள்ளூர் ஓட்டுநர் ஒருவன் காரை ஓட்ட, அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "இடது அஞ்சு" என்றாள். "ம்" என்றது காதில். ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயில் சூயிங்கம். அடுத்த வளைவுக்கும் "ம்". ஊர் திரும்பியதும் காது டாக்டரிடம் போனாள். காது கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். காரில் பதிவான ஒலியைப் போட்டுக் கேட்டாள். அவள் குரல் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் அவள் கொஞ்சம் நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான்.

முதலில் அது வருகிறதே என்று பயந்தாள். போகப் போக, வராமல் போய்விடுமோ என்று பயந்தாள். நாடு நாடாகப் போனாள். எந்த மண்ணிலும் ஹெட்செட்டை மாட்டிய உடனே அவன் இருந்தான். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்தத் தடவை போன நாட்டில் ஓட்டுநராக வந்தவருக்கு மொட்டை என்று பட்டப்பெயர். தலையில் மயிர் அடர்ந்து கிடந்தது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் சிரிப்பார், சொல்லமாட்டார். சிமென்ட் தொழிற்சாலைக்குப் பின்னால் கிளம்பி மலை ஏறும் சாலை ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெட்டவெளி. மேலே ஏறி ஒரு வலது வளைவு திரும்பினால் திடீரென்று காலடியில் கடல் விரிந்தது.

அந்த வளைவில்தான் "ம்" நின்றுபோனது.

"வலது மூணு, இறுகும்" என்றாள். பதில் இல்லை. மறுபடி சொன்னாள். ஹெட்செட்டில் இன்ஜின் இரைச்சல் மட்டும்.

"வண்டியை நிறுத்துங்க."

மொட்டை ஓரங்கட்டினார். "என்ன மேடம், வாந்தி வருதா?"

"இல்ல. திரும்பக் கீழ போய் ஏறி வாங்க."

திரும்ப ஏறினார்கள். அதற்கு முந்தின வளைவுக்கெல்லாம் "ம்", அந்த இடத்தில் மட்டும் மௌனம். மூன்றாம் தடவையும் அதே கதைதான். மொட்டை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க படிக்கிறப்போ, நான் பதில் சொல்லணும்னு காத்திருக்கீங்களா? எனக்கு விளங்கல."

"உங்க பதிலுக்கில்ல" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் மலை இறங்கும்போது கண்ணாடியில் பின் இருக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவள் அந்த வளைவைச் சல்லடை போட்டுச் சலித்தாள். பொறியாளரை வரவழைத்துக் கம்பி இறக்கி மண்ணைச் சோதிக்கச் சொன்னாள். ஓரச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். "இது பாறை மேடம். என் பேரனுக்குப் பேரன் வந்தாலும் அசையாது" என்றார் பொறியாளர்.

துறைமுகத்துக்கு எதிரே வாடகைக்கு எடுத்திருந்த அலுவலகத்தில் கம்பெனி மேலாளர் அவளுக்காகக் காத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்தது. சுவரில் அந்த வளைவின் படம்தான் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது.

"டிவிக்காரங்க இந்த ஒரு இடத்துக்காகத்தான் தலையாட்டியிருக்காங்க. என்ன குறைன்னு சொல்லுங்க, சரி பண்ணிடலாம்."

"குறை எதுவும் கண்ணுல படல."

"அப்புறம் ஏன் கையெழுத்து போட மாட்டேங்கறீங்க?"

செத்துப்போன புருஷன் உம் கொட்டவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

விடுதி அறையிலிருந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள். அவன் போன பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நாத்தனார் பல் மருத்துவமனையில் நர்ஸ். எதையும் பட்டென்று பேசுகிறவள். அவளிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

"என்ன, பைத்தியம்னு நினைக்கறியா?"

"இல்ல அண்ணி. இத்தனை வருஷமா உங்ககிட்ட பேசிக்கிட்டிருந்திருக்கான். கூடப்பொறந்தவ நான் ஒருத்தி இருக்கேனே, எனக்கு ஒரு 'ம்' சொல்லக் கூடாதா அவன்?"



மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாத்தனார் தொடர்ந்தாள். "சரி, அந்த வளைவுக்கு அப்புறம் என்ன ஆச்சு? அடுத்த வளைவுல பேசினானா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த வளைவுக்கு அவள் போகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அங்கேயே திரும்பியிருந்தாள்.

"போய்ப் பாருங்க அண்ணி. கடல் தெரியுதுன்னு சொல்றீங்களே. சின்ன வயசுல பஸ்ல போனாக்கூடக் கடலைக் கண்டா இறங்கணும்னு அடம்பிடிப்பான். அப்பாகிட்ட அறை வாங்கியிருக்கான் அதுக்கு."

மறுநாள் காலையில் மொட்டையைக் கூட்டிக்கொண்டு போனாள். தொழிற்சாலை தாண்டியதும் "ம்", அடுத்ததற்கும் "ம்". அந்த வளைவு வந்தது. மௌனம். நிற்காமல் போகச் சொன்னாள். இடது ஐந்துக்கு மௌனம், மேட்டுக்கு மௌனம். உச்சிவரை போனார்கள். ஒன்றுமில்லை. வண்டியைத் திருப்பி இறங்கினார்கள், அடிவாரம்வரை படித்தாள், ஒன்றுமில்லை. வேறு சாலைக்குப் போகச் சொல்லி, சாயங்காலம்வரை தொண்டை வறளப் படித்தாள். ஹெட்செட் வெறும் ஹெட்செட்டாக இருந்தது.

மொட்டை ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து நீட்டினார். அவள் குடித்துவிட்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அவன் எச்சரிக்கிறானா, இறங்கிப் போய்விட்டானா? இரண்டில் எது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். வெளிப்பக்கம் ஒரு ஈ காக்கா நிற்கக் கூடாது, ஓரச் சுவருக்கு முன்னால் டயர் அடுக்க வேண்டும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை எழுதினாள். தடுப்பு வைத்தால் படம் சப்பென்று இருக்கும் என்று மேலாளர் முனகினார். "அப்ப இன்னொருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிக்குங்க" என்றாள். அவர் முனகலை நிறுத்தினார்.

போட்டி நடந்த அன்று வளைவின் உட்பக்கப் பாறைமேல் அவள் நின்றாள். பக்கத்தில் நாத்தனார். லீவு போட்டு விமானம் ஏறி வந்துவிட்டாள். விமான நிலையத்திலிருந்து மொட்டைதான் அழைத்து வந்தார். கீழே ஜனம் அலைமோதியது. அந்த நாட்டுக்காரர்கள் இப்படி ஒரு கூத்தை நேரில் பார்ப்பது அதுவே முதல்முறை. முதல் கார் மலைக்குக் கீழே உறுமுவது கேட்டபோதே அவள் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். உதடு தானாக அசைந்தது. வலது மூணு, இறுகும். கார் தடுப்பைச் சுற்றி வளைந்து, கல்லைச் சிதறடித்துப் போயிற்று. அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும். ஒரு நீலக் கார் பின்பக்கம் அலைந்து டயர் அடுக்கில் இடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போயிடுச்சு அண்ணி, போயிடுச்சு. கண்ணைத் திறங்க. என் கையை உடைச்சிடாதீங்க."

கடைசிக் காரும் போன பிறகு புழுதி அடங்கியது. பாதுகாப்பு ஊழியர்கள் கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். நாத்தனார் பாறையிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, ஓரச் சுவர்வரை தனியாகப் போனாள். கடலைப் பார்த்து நின்றாள். பிறகு, மருத்துவமனையில் நோயாளியை அதட்டுகிற அதே குரலில், சத்தமாகப் பேசினாள்.

"டேய் அண்ணா, உன் பீரோவை இன்னும் காலி பண்ணல நாங்க. பண்ணிடவா?"

காற்று அடித்தது. நாடா சுருட்டிக்கொண்டிருந்தவன் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தான். அவளும் பாறையிலிருந்து இறங்கி வந்து சேர, இரண்டு பெண்களும் நின்று கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் கேட்கல அண்ணி."

"எனக்கும்தான்."

"சட்டையெல்லாம் மொட்டைக்குச் சரியா இருக்குமா?"

"தோள் கொஞ்சம் லூசா இருக்கும்" என்றாள் அவள். இருவரும் சாலையில் இறங்கி நடந்தார்கள்.