திடீரென்று நல்லவர்கள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனை எல்லோரும் உம்மணா என்றுதான் கூப்பிடுவார்கள். உம்மணாமூஞ்சி என்பதைச் சுருக்கி அவனுடைய வேலை ஜோடியான நெட்டை வைத்த பெயர் அது. ஜோடி என்றால், ஒருவன் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பான், இன்னொருவன் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பான். பதினொரு வருடமாக இருவரும் மாறி மாறி அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

லாட்டரியில் முதல் பரிசு விழுந்ததை உம்மணா ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில் வைத்துத் தெரிந்துகொண்டான். கடைக்காரர் சில்லறை இல்லை என்று கையில் திணித்த சீட்டு அது. டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு போனில் எண்களைப் பார்த்தான். பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். பிறகு கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தான். எல்லாம் பொருந்தியது.

வாக்கிடாக்கி கரகரத்தது. கீழே குழிக்குள்ளிருந்து நெட்டை.

"உம்மணா, தூங்கிட்டியா? நான் இன்னும் வெளிய வரலை, பார்த்துக்க."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தது. ஆனால் "சரி, மெதுவா வா" என்று மட்டும்தான் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னான். அவள் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்தும் வேலை பார்ப்பவள், எதையும் இரண்டு தடவை உற்றுப் பார்க்காமல் நம்பமாட்டாள். வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துச் சீட்டைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் மூச்சு விடக்கூடாது," என்றாள்.

லாட்டரி அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். சீட்டைச் சரிபார்த்துப் பணம் வர ஆறு வாரம் ஆகும், பெயரை வெளியிட மாட்டோம் என்றார் அதிகாரி. ரசீதில் முத்திரை குத்திக்கொண்டே, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "இங்க வர்றவங்க முதல் தடவை ஜோடியாத்தான் வர்றாங்க. ஆறு மாசம் கழிச்சு ஏதாவது சந்தேகம் கேக்க வரும்போது தனித்தனியா வர்றாங்க."

ரசீதை வாங்கும்போது உம்மணாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு விநாடிதான்.

அடுத்த வாரம் அவன் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனான். நாலாவது மாடியில் வக்கீல், மற்ற மாடிகளில் எல்லாம் டாக்டர்கள். பேசி முடித்துக் கீழே வந்து லிஃப்ட் கதவு திறந்தால், எதிரே அவர்கள் குடியிருப்பின் மேல்வீட்டு அக்கா.

"என்ன தம்பி, இங்க?"

"சும்மா... லிஃப்ட் பார்க்க வந்தேன் அக்கா."

இஸ்திரி போட்ட சட்டை. கையில் கருவிப்பை இல்லை. கையிலிருந்த பழுப்பு உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அக்காவின் கண் அந்த உறையைத் தொடர்ந்து போய், சுவரிலிருந்த பெயர்ப் பலகைக்குத் தாவி, மறுபடி அவன் முகத்துக்கு வந்தது. "சரிப்பா, உடம்பைப் பார்த்துக்க," என்று தழைந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது.

முதலில் சூப் வந்தது. மேல்வீட்டு அக்கா எட்டு வருடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. இப்போது வாரம் இரண்டு தடவை மூடி போட்ட கிண்ணத்தோடு படியிறங்கினாள். அடுத்து வீட்டுக்காரர். இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயைச் சரிபண்ண, கேட்காமலே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். போகும்போது உம்மணாவின் தோளில் கை வைத்து, "எது வேணும்னாலும் கூச்சப்படாமக் கேளுங்க," என்றார். கம்பெனியில் மேஸ்திரி அவனுக்கு இரண்டு மாடிக் கட்டடங்களாகப் பார்த்து ஒதுக்கினார். நெட்டையோ கருவிப்பையைத் தொடவே விடவில்லை.

"குடு, நான் தூக்கறேன்."

"என்னடா புதுசா?"

"பழசாவே இருக்கணுமா?" என்று சொல்லிவிட்டு நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டு நாளைக்கு முன்னால்தான் உம்மணா அவனிடம், யாருக்கோ கேட்பதுபோல, "உயில் எழுதணும்னா ரெண்டு சாட்சி வேணுமாமே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தான். வக்கீல் சொன்னதைச் சரிபார்க்கத்தான் கேட்டான். இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டான். நெட்டைக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாயால் சொல்லாமல் நல்லவர்களாக நடித்துக்கொண்டு, பணம் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

சூப்பை அவன் குடிக்கவில்லை. எதையுமே சரியாகச் சாப்பிடவில்லை. தூக்கமும் போய்விட்டது. கன்னம் ஒட்டி, பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போடவேண்டியிருந்தது.

எப்படித் தெரிந்திருக்கும்? அவன் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தது இரண்டே பேருக்கு. இரண்டிலிருந்து ஒன்றைக் கழிக்க அவனுக்குக் கணக்கு வாத்தியார் தேவைப்படவில்லை.

ஒரு காலை, மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போனைத் திறந்து, யார் யாருக்கு என்ன அனுப்பியிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகப் படித்தான். அவள் தங்கைக்கு அனுப்பியதில் பாதி, இவன் இப்போதெல்லாம் சாப்பிடுவதில்லை என்ற கவலை. அவன் நிமிர்ந்தபோது, ஈரத் தலையோடு அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"தேடினது கிடைச்சுதா?"

"யார்கிட்ட சொன்னே?"

"நான் யார்கிட்டயும் சொல்லலை. நீங்கதான் அந்த நெட்டைகிட்ட உளறியிருப்பீங்க. அவன் நேத்து கடைக்கு வந்து, 'தைரியமா இரு தங்கச்சி'ன்னு சொல்லிட்டுப் போறான். எனக்கு எதுக்குத் தைரியம்?"

"உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

அவள் போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்று மாலை அலமாரியைத் திறந்தபோது லாட்டரி ரசீது அங்கே இல்லை. அவளுடைய கைப்பைக்கு மாறியிருந்தது. அவன் அதைக் கவனித்தான். அவன் கவனித்ததை அவளும் கவனித்தாள். அதற்குப் பிறகு ஒரே மேஜையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வேலைக்குப் போகும்போது அவள் கண் சிவந்திருந்ததை மேல்வீட்டு அக்கா பார்த்து, மாடிப்படியில் வைத்தே அவளைக் கட்டிக்கொண்டாளாம்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணன்.

அண்ணன் பஸ் டிரைவர். அப்பா போனபிறகு அவருடைய மோட்டார்சைக்கிளை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டான் என்று இரண்டு பேருக்கும் பேச்சு நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. இப்போது ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் நின்றான்.

உம்மணா 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. மனைவிதான் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன்டா," என்றான் அண்ணன்.

"யார் சொன்னா?"

"நெட்டைதான். டிப்போவுக்கே தேடி வந்துட்டான். பாவம், அழுதுட்டான்டா."

பங்கு கிடைக்காது என்று அழுதிருப்பான், என்று நினைத்துக்கொண்டான் உம்மணா.

"உங்க அண்ணியும் வரேன்னா. நான்தான், முதல்ல நான் போய்ப் பேசிட்டு வரேன்னு சொன்னேன்."

"ஆமா. முதல்ல நீ. அப்புறம் அண்ணி. அப்புறம் பிள்ளைங்க. வரிசையில வாங்க, தள்ளுமுள்ளு இல்லாம."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "கோபம் இருக்கும். நான் எப்பவோ வந்திருக்கணும்."

"நாலு வருஷமா வராத காலு இன்னைக்கு எப்படி வந்துச்சு? வாசனை பிடிச்சுக்கிட்டா?"

"ஏங்க, போதும்," என்றாள் மனைவி.

"திட்டட்டும்மா. மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டா நல்லது. இந்த மாதிரி நேரத்துல இப்படித்தான் எரிச்சல் வருமாம்."

"எந்த மாதிரி நேரத்துல?"

அண்ணன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் பிரித்து வைத்தான். செலவுப் பட்டியலோடு வந்திருக்கிறான் என்று உம்மணாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. குனிந்து பார்த்தான். அது ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. மேலே அண்ணனின் பெயர் இருந்தது.

"உன்னை அந்த டாக்டர்ங்க கட்டடத்துல பார்த்ததா உங்க மேல்வீட்டம்மா நெட்டைகிட்ட சொல்லியிருக்காங்க. நீ போற அந்தப் புத்துநோய் டாக்டரைப் போய்ப் பார்த்தேன், அஞ்சாவது மாடி. நோயாளியைப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. சரி, பொதுவாவாவது சொல்லுங்கன்னேன். ரத்தப் புத்துநோய்க்குக் கூடப் பிறந்தவங்க மஜ்ஜை பொருந்தலாம்னாரு. அதான் முதல் டெஸ்ட்டை எடுத்துட்டேன். சக்கரை இல்ல, பிரஷர் இல்ல." தாளை அவன் பக்கம் நகர்த்தினான். "வண்டி நல்லாத்தான் ஓடுது. உனக்கு எவ்வளவு வேணுமோ எடுத்துக்கடா."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்லமுடியாதபடி ஒரு சத்தம் வந்தது. சூப், குழாய், இரண்டு மாடிக் கட்டடம், நெட்டையின் முதுகில் தொங்கிய பை எல்லாம் உம்மணாவின் கண்முன்னால் வந்து போயின. அவள்தான் சொன்னாள்.

"இவருக்கு நோய் எதுவும் இல்லை. லாட்டரி விழுந்திருக்கு. அங்க பார்க்கப் போனது வக்கீலை."

அண்ணனுக்கு அது உடனே மண்டையில் ஏறவில்லை. "அப்போ நீ சாகலையா?" என்று கேட்டான்.

"இல்லை."

அண்ணன் எழுந்து வந்து அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தான். பிறகு அதே தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டான். "இந்த ஒரு வாரமா நான் வண்டி ஓட்டின லட்சணம் எனக்குத்தான்டா தெரியும்," என்றான். பழப் பையைத் தானே அவிழ்த்து, ஒரு ஆரஞ்சை உரித்து, சந்தோஷத்தில் தானே இரண்டு சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

மூன்றாவது சுளை பாதி வழியில் நின்றது.

"வாசனை பிடிச்சு வந்தியான்னு கேட்டியே," என்றான் மெதுவாக. "அது இதுக்கா?"

உம்மணா தரையைப் பார்த்தான்.

அண்ணன் சுளையைத் தோல்மேல் வைத்தான். அறிக்கையை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "நல்லா இருடா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் வேண்டாம்." வாசலில் செருப்பு மாட்ட அவனுக்கு வெகுநேரம் ஆனது.

மறுநாள் வேலையில் நெட்டையிடம் உம்மணா எல்லாவற்றையும் சொன்னான். நெட்டை முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். முதுகில் தட்டினான். "அடப்பாவி, உனக்காக மூணு நாள் சோறு இறங்கலைடா எனக்கு!" பிறகு குழிக்குள் இறங்க பூட்ஸ் மாட்டிக்கொண்டே கேட்டான்.

"என்னைக்குத் தெரிஞ்சுது?"

"அந்தப் பன்னிரண்டு மாடில. டீ நேரத்துல."

"அப்போ நான் குழியில இருந்தேன்."

"ஆமா."

"உன் கை சுவிட்சுக்குப் போகாதுன்னு நம்பித்தான் பதினொரு வருஷமா உள்ள இறங்கறேன்," என்றான் நெட்டை. கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு விழுந்திருந்தா அந்த நிமிஷமே மேல பார்த்துக் கத்தியிருப்பேன்டா."

அன்றைய வேலையை இருவரும் சரியாகவே முடித்தார்கள். இரண்டு வாரம் கழித்து நெட்டை, வீட்டுக்குப் பக்கம் என்று ஒரு காரணம் சொல்லி, வேறு ஜோடிக்கு மாற்றிக்கொண்டான்.

பணம் சொன்ன நாளில் வந்தது. மனைவி தன் பாதியைத் தன் பெயரில் தனியாகப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கடை வேலையை விடவில்லை. போனுக்கு ஒரு பூட்டு எண் வைத்தாள். "கோபமெல்லாம் இல்லை. இனிமே பழகிக்கறேன்," என்றாள். எதைப் பழகிக்கொள்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. மேல்வீட்டு அக்காவுக்கு அவன் உடம்பு தேறியது மட்டும்தான் தெரியும். சூப் நின்றுவிட்டது.

அண்ணனிடமிருந்து போன் வரும் என்று உம்மணா காத்திருந்தான். ஒரு மாதம், இரண்டு மாதம். அண்ணன் எதையும் கேட்கவில்லை.

"ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறானே," என்றான் ஒருநாள். "மனசுல ஏதோ வச்சிருக்கான்."

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "கேட்டாலும் சந்தேகம், கேக்கலைன்னாலும் சந்தேகம். உங்களுக்கு நோய் இல்லைன்னு யாருங்க சொன்னது?"

அடுத்த நாள் அவன் லீவு போட்டுவிட்டு அண்ணன் ஓட்டும் பஸ்ஸில் ஏறினான். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தான். அண்ணன் கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். நிறுத்தம் நிறுத்தமாக ஆட்கள் இறங்கி, கடைசியில் அவன் மட்டும் இருந்தான்.

"இதோட வண்டி போகாது," என்றான் அண்ணன், என்ஜினை அணைத்துவிட்டு.

"தெரியும்."

"எதுக்கு வந்தே?"

காசு விஷயம் பேசத்தான் வந்திருந்தான். பிள்ளைகள் படிப்புக்கு, வீட்டுக்கு என்று நேற்று முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். கண்ணாடியில் தெரிந்த அண்ணனின் கண்களைப் பார்த்ததும், அதை இப்போது சொன்னால் எப்படிக் காதில் விழும் என்று புரிந்தது.

"அந்தப் பேச்சு நான் பேசியிருக்கக் கூடாது," என்றான்.

அண்ணன் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"திரும்ப எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கு," என்றான் கடைசியில். "கீழ இறங்கிக் காலை நீட்டிட்டு வா. போகும்போது முன்னாடி உக்காரு, பின்னாடி இருந்தா குலுக்கும்."