கோட்டின் ஓரங்கள்

திரையில் அந்தக் கோடு எழுந்து நின்றபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய ஒளியைப் பிரித்துப் போட்ட வரைபடம் அது. ஊசிபோல் கூராக இருந்திருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு, அடி பருத்து ஒரு குன்றுபோல் அகன்று கிடந்தது. பெருவெடிப்புக்குப் பின் பிரபஞ்சம் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் கிளம்பிய ஒளி. கோடு அகன்றிருந்தால் வாயு வெறிபிடித்ததுபோல் சுழல்கிறது என்று பொருள். அப்படிச் சுழற்றுவதற்கு நடுவில் ஒரு கருந்துளை இருந்தாக வேண்டும். எடை போட்டுப் பார்த்தாள். அதைச் சுற்றியிருந்த குட்டி விண்மீன்திரளின் நட்சத்திரங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டித் தூக்கினாலும் அந்த ஒற்றைக் கருந்துளையின் எடைக்குப் பக்கத்தில்தான் வரும் போலிருந்தது. நம் காலத்துத் திரள்களில் அது ஆயிரத்தில் ஓரிரு பங்கு இருந்தாலே பெரிது.

உடனே விதைக்காரரின் நினைவுதான் வந்தது.

அந்தப் பெயர் ஆய்வுக்கூடத்தில் யாரோ கேலியாக வைத்தது. கருந்துளைகள் எதிலிருந்து முளைத்தன என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி. செத்த நட்சத்திரங்கள் சிறு விதைகளாக விழுந்து, வாயுவைத் தின்று தின்று, திரளோடு சேர்ந்து மெல்ல வளர்ந்தன என்பது பெரும்பாலோர் கட்சி. அவளும் அதில்தான் இருந்தாள். அவரோ, அவ்வளவு சாவகாசமாகத் தின்று கொழுக்க அன்றைக்கு ஏது நேரம் என்பார். பெரிய வாயு மேகமே நட்சத்திரமாகாமல் நேராக உள்ளே சரிந்து, பிறக்கும்போதே கனத்த விதையாக விழுந்திருக்க வேண்டும். திரள் பிறகுதான் அதைச் சுற்றிக் கூடியது என்பது அவர் வாதம். சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை. “தராசு, உன் கணக்குப்படி பார்த்தா இதுங்க இன்னும் பால்குடி மறந்திருக்காது” என்பார். எல்லாவற்றையும் எடை போடுகிறவள் என்பதால் அவளுக்கு அவர் வைத்த பெயர் அது. சான்று இல்லை என்று சொல்லியே அவருடைய திட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார்கள். கடைசியில் ஆய்வை விட்டுவிட்டு முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தப் போனார். சண்டை மட்டும் தொலைபேசியில் தொடர்ந்தது. இப்போது கல்லீரலில் வந்த நோய் எல்லா இடத்துக்கும் பரவி, மருத்துவர்கள் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னதுதான் சரி என்ற மகிழ்ச்சியில் எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். கோட்டின் ஓரங்கள் உறுத்தின. சுழலும் வாயு மட்டும் காரணமென்றால் இரண்டு பக்கமும் வளைந்து சட்டென்று இறங்கியிருக்க வேண்டும். இங்கே பாவாடை விரித்தாற்போல் நீண்டு நீண்டு இறங்கின. கருந்துளையைச் சுற்றி அடர்ந்த எலக்ட்ரான் மூட்டம் இருந்து, ஒளி அதில் மோதிச் சிதறி வந்தாலும் கோடு இப்படித்தான் அகலும். அப்படியானால் அவள் போட்ட எடை பொய் எடை. பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. விதைக்காரர் ஜெயித்தாரா இல்லையா என்பது அந்த ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிற்பகல்வரை பலவிதமாகப் போட்டுப் பார்த்தாள். கோடு பிடி கொடுக்கவில்லை.

மருத்துவமனையில் விதைக்காரரின் மனைவி அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. ஆனால் சந்தேகத்தையும் கேட்டபோது அப்படியே வாடிவிட்டது.

“அது எப்போ தெளிவாகும்?”

“சொல்ல முடியாது அண்ணி. இன்னும் நிறைய பார்க்கணும். வருஷக்கணக்குல ஆகலாம்.”

“அவருக்கு ஏதும்மா வருஷம்?” அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஊரே சிரிச்சப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசமாட்டார், செருப்பைக்கூட கழட்டாம உட்கார்ந்திருப்பார். உன்னை பொய் சொல்லச் சொல்லல. பாதி சொல்லு, போதும்.”

அவள் தலையாட்டினாள். பாதி சொல்வதென்றுதான் கதவைத் திறந்தாள்.

கட்டிலில் அவர் பாதியாகக் கரைந்திருந்தார். கண்கள் மட்டும் பழைய கண்கள். அவள் சொல்லச் சொல்ல அவை விரிந்தன. திரளும் கருந்துளையும் கிட்டத்தட்ட ஒரே எடை என்றதும் உதடு துடித்தது.

“உடம்பு கைக்குழந்தை, தொப்பை மட்டும் ஆளுயரமா?” என்று மெல்லச் சிரித்தார். “அப்போ விதை பெருசுதான்.”

“ஆமாண்ணா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரம் கசிந்து காதுப்பக்கம் இறங்கியது. இதோடு எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். பையைக்கூட எடுத்துவிட்டாள்.

“ஓரம் எப்படி இருக்கு?”

கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“எது?”

“கோட்டோட ஓரம். வளைஞ்சு இறங்குதா, இழுத்துக்கிட்டுப் போகுதா?”

வளைந்துதான் இறங்குகிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் இந்த மனிதரிடம் இத்தனை காலம் சண்டை போட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட ஒப்புக்காக ஒத்துக்கொண்டதில்லை. அவரும் அவளை அப்படி விட்டதில்லை. இப்போது விட்டுக்கொடுத்தால், அவரை இனிமேல் சண்டைக்கு ஆகாத ஆளாக அவளே முடிவுகட்டியதாகாதா?

“இழுத்துக்கிட்டுப் போகுதுண்ணா.”

அவர் முகம் மெல்ல அணைந்தது. தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது. சொட்டு மருந்து இறங்குவதைப் பார்த்தபடி அவள் நின்றாள். பாவி, செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்று உள்ளே அரித்தது.

நெடுநேரம் கழித்து, “வரைஞ்சு காட்டு” என்றார்.

பையில் கிடைத்த தாளில் வரைந்தாள். அவர் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “மூட்டம் இருந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இழுக்கணும். இந்தப் பக்கம் கொஞ்சம் குட்டையா போட்டிருக்கியே, உன் கை கோணலா, அது கோணலா?”

“அது அப்படித்தான் இருக்கு.”

“அதைப் பாரு மொதல்ல. பார்க்காமலே கவுத்துட்டுப் போகலாம்னு வந்தியா, தராசு?”

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இருமலில் உடம்பு குலுங்கியது. அவள் தண்ணீர் ஊட்டினாள். பாதி வாயில் இறங்கி, பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அண்ணி எழுந்து நின்றிருந்தாள். “முழுசா சொல்லிட்டியா?”

“அவரே கேட்டுட்டார் அண்ணி.”

அண்ணி அவளை வெறித்துப் பார்த்தாள். அவளைத் தாண்டி உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவள் கிளம்பவில்லை. கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியே பார்த்தாள். அண்ணி முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். பிறகு கட்டிலில் கிடந்த தாளை எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவர் ஏதோ சொன்னார். பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல எழுந்து, தாளின் மூலையைப் பற்றி, நேராகத் திருப்பத் தொடங்கியது.